பாரம் சுமக்கும் பேத்திகள்

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டில், அரசாங்கத்தோடு பேச ஒரு தலைமுறை இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாயையே நம்பியிருக்கிறது. சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது எது?

சனிக்கிழமை காலை. ரிங்லெட் கடைத்தெருவில் பனி இன்னும் முழுசாக விலகவில்லை. காய்கறி லாரிகள் தாப்பா பக்கம் இறங்கிக்கொண்டிருக்கின்றன. தேத்தண்ணிக் கடையின் ஓரத்து மேசையில் ஒரு பாட்டி. எதிரே பேத்தி, பதினான்கு வயது இருக்கும். பாட்டியின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு: அடையாள அட்டையின் நகல், ஓரம் கிழிந்த பிறப்புப் பத்திரம், தாத்தாவின் மரணச் சான்றிதழ், எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருக்கும் பழைய சம்பளச் சீட்டுகள்.

"பாட்டி, தங்குங்ஙான் எத்தனை பேருன்னு கேட்டிருக்கு."

"அப்படின்னா?"

பேத்தி கொஞ்சம் யோசித்தாள். "உங்கள நம்பி இருக்கறவங்க."

"என்னை நம்பி யாருடி இருக்கா? நான்தான் உங்கப்பன நம்பி இருக்கேன்."

பேனா கட்டத்தின் மேல் நின்றது. பூஜ்யம் போடுவதா, கோடு போடுவதா, பாட்டி வளர்க்கும் சின்னத் தம்பியைச் சேர்ப்பதா? பேத்தி கோடு போட்டாள். அடுத்த கட்டம் வருமானம். வீட்டுக்குப் பின்னால் போடும் கீரையை விற்றால் வாரத்தில் ஏதோ கொஞ்சம் வரும். "அதெல்லாம் எழுதாத" என்றார் பாட்டி. எழுதவில்லை. தாளின் அடியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை, பொய்யென்று தெரிந்தால் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்று பொடி எழுத்தில் ஒரு வாக்கியம். அதைப் பேத்தி படித்துச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினாள். பாட்டி மெதுவாக, எழுத்துக் கூட்டி, தமிழில் கையெழுத்துப் போட்டார்.

மலேசியத் தமிழில் விண்ணப்பத் தாளுக்குப் 'பாரம்' என்று பெயர். ஆங்கிலச் சொல் நம் வாயில் அப்படித் தேய்ந்தது தற்செயல்தான். ஆனால் அந்த மேசையைப் பார்த்தவர்கள் அதைத் தற்செயல் என்று சொல்லமாட்டார்கள்.

அரசாங்க அலுவலகங்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை. ஆகவே அன்று எழுதியதைத் திங்கட்கிழமை, அலுவலகங்கள் இருக்கும் தானா ராத்தாவுக்குக் கொண்டுபோக வேண்டும். கவுண்டரில் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் பேத்திதான். திங்கட்கிழமை வகுப்பு போச்சு.

எந்த மலாய்?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தப் பிரச்சினையை 'ஆங்கிலம் போதாதவர்கள்' என்று பேசுவார்கள். கேமரன் மலையில் அதிகாரத்தின் மொழி மலாய். நிலைமை ஒன்றுதான், மொழிதான் வேறு.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரிங்லெட்டின் இளைஞர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. தமிழ்ப் பள்ளியில் மலாய் கட்டாயப் பாடம். இடைநிலைப் பள்ளி முழுக்க மலாயில். வாட்ஸ்அப்பில் தமிழையும் மலாயையும் பிசைந்து எழுதும் தலைமுறை அது. சிக்கிக்கொள்பவர்கள் வேறு: தோட்டத்தில் பிறந்து கொழுந்து கிள்ளியே முதுமை அடைந்த பெண்கள், பாதியில் பள்ளியை விட்ட ஆண்கள், அண்மையில் வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

அந்தப் பாட்டிக்கு மலாய் அறவே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. சந்தையில் மீன் விலையைக் குறைத்துப் பேசுவார். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவோடு மணிக்கணக்கில் கதை அடிப்பார். அது பாசார் மலாய். விண்ணப்பத்தில் இருப்பது சர்க்கார் மலாய். 'பெர்மோஹோனான்', 'பெங்ஙேசாஹான்', 'சூராட் அக்குவான் பெர்சும்பா' ஆகியவை எந்த மீன்காரரும் பேசாத சொற்கள். தமிழ்நாட்டுப் பத்திரப் பதிவு அலுவலகத் தமிழைத் தமிழருக்கே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறதே, அதுபோல.

இத்தனைக்கும் மலாய் நமக்கு அந்நியமும் இல்லை. கெடாய் என்றால் கடை. பெத்தி, பெட்டி. காத்தில், கட்டில். கப்பால், கப்பல். மோடால் என்பது வியாபார முதல். நம்மிடமிருந்து போன சொற்கள்தான். கடைத்தெருவில் இந்தச் சொந்தம் நன்றாகவே வேலை செய்கிறது. கவுண்டரில் செய்வதில்லை.

[பெட்டிச் செய்தி] ரிங்லெட்: சில விவரங்கள்

பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து மலை ஏறினால் முதலில் வரும் ஊர் ரிங்லெட். ஆனால் அது பஹாங் மாநிலத்தைச் சேர்ந்தது. மாநிலத் தலைநகர் குவாந்தான் கிழக்குக் கடற்கரையில், மலைத்தொடருக்கு அந்தப் பக்கம்.

கேமரன் மலை பஹாங்கின் மிகச் சிறிய மாவட்டம். பரப்பு 712 சதுர கிலோமீட்டர். ரிங்லெட், தானா ராத்தா, ஹூலு தெலோம் என மூன்று முக்கிம்கள் (உட்பிரிவுகள்). 2020 கணக்கெடுப்பில் மக்கள் ஏறக்குறைய 39,000 பேர்.

1885-ல் இந்த மேட்டுநிலத்தைக் குறித்துச் சென்ற வில்லியம் கேமரனின் பெயர் நிலைத்தது. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் ரிங்லெட்டுக்கு மேலே ஹாபு பக்கம் இருக்கிறது. தமிழர், சீனர், மலாய்க்காரர், செமாய் உள்ளிட்ட பூர்வகுடிகள், வங்காளதேசிகள், நேப்பாளிகள் எல்லாரும் ஒரே சாலையில் நடக்கிறார்கள்.

துரை படித்த தமிழ்

ஒரு காலத்தில் மொழியைப் படிக்கவேண்டிய கட்டாயம் மேலே இருந்தவருக்குத்தான் இருந்தது. காலனிய மலாயாவின் சிவில் சர்வீஸில் சேர்ந்த வெள்ளைக்கார இளைஞர்கள் சிலரைத் தமிழ் கற்றுவர மெட்ராசுக்கு அனுப்பினார்கள், தொழிலாளர் இலாகா வேலைக்காக. தோட்டத் துரைமாருக்கென்று தமிழ்க் கையேடுகள் அச்சாயின. 1915-ல் கொழும்பில் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் வெளியிட்ட கையேட்டின் பெயரே 'கூலித் தமிழ்'. மு. நித்தியானந்தன் 2014-ல் அதே பெயரில் ஒரு நூல் எழுதினார். இந்த வரலாற்றை அறிய விரும்புகிறவர்கள் அவசியம் படிக்கவேண்டியது. அந்தக் கையேடுகள் கற்றுக்கொடுத்த தமிழ் பெரும்பாலும் ஏவல் தமிழ். வேலை வாங்க அது போதும்.

மற்ற எல்லாவற்றுக்கும் தோட்ட எழுத்தரான கிராணியார் இருந்தார். பேறுகாலமா, பெயர் பதிவா, ஊருக்குப் பணம் அனுப்பவேண்டுமா, சாவா? எல்லாம் தோட்ட ஆபீஸ் ஜன்னலுக்குப் போகும். கிராணியார் பல தோட்டங்களில் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தவராகவோ இருப்பார். தொழிலாளி தமிழில் சொல்வதை அவர் ஆங்கிலத்தில் எழுதுவார். பிற்பாடு மலாயில். அவர் நல்லவராக இருந்தால் குடும்பம் தப்பியது. அலட்சியக்காரராக இருந்தால் ஒரு பிறந்த தேதி போச்சு, ஒரு பெயர் போச்சு.

காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டிலிருந்து இரவுக் கோயில் பூஜை வரை தமிழிலேயே ஓடிய உலகம் அது. "அறுபது வருஷம் இந்த நாட்டில் இருந்துகொண்டு மலாய் தெரியாதா?" என்று இன்றைக்குக் கேட்பவர்கள் உண்டு, நம்மிலேயே உண்டு. மலாய் தெரியவேண்டிய அவசியமே இல்லாதபடிதான் தோட்டத்தைக் கட்டி வைத்திருந்தார்கள் என்பது அவர்களுக்கான பதில். வேலி போட்டவர் ஒருவர், வெளியே வரவில்லையே என்று குறை கேட்பது இன்னொருவர்.

இன்று கிராணியார் கம்ப்யூட்டரில் சம்பளக் கணக்குப் பார்க்கிறார். குடும்ப விவகாரங்கள் அவர் வேலை இல்லை. கொழுந்தைக் கத்தரிக்க இயந்திரம் வந்தது. தோட்டத்து ஆட்களில் பெரும்பகுதி வெளிநாட்டவர். லயத்தைவிட்டு ரிங்லெட் அடுக்குவீட்டுக்கு இறங்கிய குடும்பங்களுக்கு அந்த ஜன்னலும் கிடையாது. ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது பேத்தி இருக்கிறாள்.

ஓராண்டு மட்டும் திறந்திருந்த கதவு

மொழி தெரியாததன் விலை என்ன என்று கேட்டால், இந்த நாட்டில் அதற்கு நிறத்தில் பதில் சொல்லலாம். குடிமகனின் அடையாள அட்டை நீலம். நிரந்தரவாசியின் அட்டை சிவப்பு.

1957-ல் சுதந்திரம் வந்தபோது அரசியலமைப்பு ஒரு சலுகை தந்தது. அதற்கு முன் இந்த மண்ணில் பிறந்து, குடியுரிமை தானாக வந்து சேராதவர்கள் பதிந்துகொள்ள ஓரளவாவது மலாய் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்துவிட்டால் மொழி நிபந்தனை கிடையாது. பட்டணங்களில் சங்கங்கள் வீடுவீடாகப் போய் ஆள் சேர்த்தன. பெரும் எண்ணிக்கையில் சீனர்கள் அந்த ஆண்டில் குடிமக்களானார்கள். தமிழர்களிலும் ஏராளமானோர் பதிந்தார்கள். செய்தி எட்டாத தோட்டங்களும் இருந்தன. எட்டியும் 'இது எதுக்கு, நமக்குத்தான் ஐசி இருக்கே' என்று இருந்துவிட்டவர்களும் இருந்தார்கள். ஓராண்டு முடிந்தது. கதவில் மொழி என்ற பூட்டு விழுந்தது.

அட்டையின் நிறம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 1969-க்குப் பிறகு புரிந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் இறுகியபோது, ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் சிவப்பு அட்டைக்காரர்கள் விண்ணப்பித்துக்கொண்டே கிழவர்களானார்கள். இயல்புரிமை வழியில் குடியுரிமை கேட்பவருக்குப் 'போதுமான மலாய் அறிவு' வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு. எழுபது வயதில், அதிகாரி முன்னால் உட்கார்ந்து, வாய் உலர, நேர்காணல்.

2018 ஜூலையில் அப்போதைய பிரதமர் மகாதீர், 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டைக்காரர்களான 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அறிவித்தார். சின்ன எண்ணாகத் தெரியலாம். சுதந்திரம் கிடைத்து அறுபத்தொரு வருஷம் கழித்தும் மிச்சமிருந்த எண் அது.

நிறத்தின் விலைக்கு அண்மைய கணக்கும் உண்டு. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் அடையாள அட்டை வழியாக 100 ரிங்கிட் கிடைத்தது. மளிகைக் கடையில் அட்டையைச் செருகி அரிசி, எண்ணெய் வாங்கிக்கொள்ள முடிந்தது. நீல அட்டைக்கு மட்டும்.

இன்னொரு கண்ணியும் இதே வேலையைச் செய்தது, சத்தமில்லாமல். 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாதவரின் திருமணம் கட்டாயம் பதிவாக வேண்டும். மாரியம்மன் கோயிலில் ஊர் கூடித் தாலி கட்டியது போதாது. அந்தச் சேதி எந்த மொழியில் எந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது? பதிவில்லாத தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளை, சட்டத்தின் கண்ணில் தாயின் நிலையைத்தான் பெறும். அப்பா நீல அட்டை, அம்மாவிடம் எந்த அட்டையுமே இல்லை என்றால், பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போகலாம். பிறந்த 60 நாளுக்குள் பதியவேண்டும் என்ற விதியைத் தவறவிட்டால் தாமதப் பதிவு, விசாரணை, சாட்சிகள், இன்னும் ஒரு கட்டுத் தாள். ஒரு தாளைப் புரிந்துகொள்ளாத பாட்டியின் கணக்கைப் பேரன் தீர்க்கிறான்.

வாரிசு வேறு, பெனாமா வேறு

இந்தக் கட்டுரைக்காகப் பார்த்த எல்லா விவகாரங்களிலும் எனக்கு மிகவும் உறுத்தியது ஒரே ஒரு சொல்.

ஊழியர் சேமநிதியில் பணம் சேர்க்கும் ஒவ்வொருவரும், தான் இறந்தால் பணம் யாருக்கு என்று ஒரு பெயரை எழுதித் தரலாம். மலாயில் அவர் 'பெனாமா'. பாரங்களில் வேறு இடங்களில் 'வாரிஸ்' என்று ஒரு கட்டம் வரும். நெருங்கிய உறவினர் என்று பொருள். வாரிஸ் என்றதும் நம் ஆட்களுக்கு நிம்மதி, நம் வாரிசுதானே! மலாய் 'வாரிஸ்', தமிழ் 'வாரிசு' இரண்டுமே அரபியிலிருந்து வந்த ஒரே சொல். கேட்டதும் புரிந்துவிடுகிறது. அதுதான் வலை. பெண்சாதி பெயரை வேலைக்குச் சேர்ந்த அன்றே 'வாரிஸ்' கட்டத்தில் எழுதிவிட்டதால் பணம் அவருக்குத் தானாக வந்துவிடும் என்று நம்பி இறந்தவர்கள் உண்டு. முஸ்லிம் அல்லாத சந்தாதாரர் பெனாமாவாக எழுதியவருக்குப் பணம் நேராகப் போகும். எழுதாவிட்டால் குடும்பம் ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டு, மீதிக்கு நிர்வாகப் பத்திரம் தேடி அலையவேண்டும். பெனாமாவுக்குள் இருக்கும் 'நாமா' நம் நாமம்தான். எழுதாமல் விட்டால் மிஞ்சுவதும் நாமம்தான்.

பெயர் விஷயம் தனிக் கதை. லட்சுமி என்று ஒரு தாய் சொல்கிறாள். எழுதுபவர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் பதிகிறார். பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, அடையாள அட்டையில் லெச்சுமி, திருமணப் பதிவில் லெட்சமி, சேமநிதிக் கணக்கில் கடைசி எழுத்து மாறி இன்னொரு லெட்சுமி. தாய்க்குத் தான் ஒரே ஆள் என்று தெரியும். கணினிக்கு நான்கு பேர். நால்வரும் ஒருவரே என்று நிரூபிக்க, சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதவேண்டும். அதுவும் மலாயில். என் அம்மாவுக்கே மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு. அதைச் சரிசெய்ய ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை போனோம். நான்காவது முறை எழுதித் தந்த பெயரிலும் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

அலுவலகத்தைவிட மருத்துவமனை கடினம். அங்கே மொழிபெயர்ப்பவர் யார் என்பதே நோயைத் தீர்மானிக்கிறது. கர்ப்பப்பை இறங்கியதைப் பேரனிடம் எப்படிச் சொல்வது? 'வயித்து வலி' என்கிறார் பாட்டி. பேரன் 'சாக்கிட் பெருட்' என்கிறான். வாயு மாத்திரையோடு திரும்பி வருகிறார்கள்.

குற்றவாளிக் கூண்டில் தமிழ் உண்டு

இதையெல்லாம் சொன்னால், 'தேசிய மொழிச் சட்டம் இருக்கிறதே, என்ன செய்ய முடியும்?' என்பார்கள். சட்டத்தைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

[பெட்டிச் செய்தி] சட்டத்தில் என்ன இருக்கிறது?

அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு: தேசிய மொழி மலாய். அதிகாரபூர்வக் காரியம் தவிர மற்றவற்றுக்கு வேறெந்த மொழியைப் பயன்படுத்தவும் கற்கவும் கற்பிக்கவும் யாரையும் தடுக்கக்கூடாது.

1967-ல் நிறைவேறிய தேசிய மொழிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு: பொதுநலனுக்குத் தேவை என்று கருதினால், அரசாங்க ஆவணங்களையும் அறிவிப்புகளையும் பிற சமூகங்களின் மொழிகளில் மொழிபெயர்த்துப் பயன்படுத்தும் உரிமை மத்திய, மாநில அரசுகளுக்கு உண்டு. 'உரிமை' என்றுதான் சொல்கிறது. 'கடமை' என்று சொல்லவில்லை.

மலாயே அதிகாரபூர்வ மொழி என்று வகுத்த அதே சட்டம், மொழிபெயர்ப்புக்கும் வாசல் வைத்திருக்கிறது. பாரம் மலாயிலேயே இருக்கட்டும், மலாயிலேயே நிரப்புவோம். பக்கத்தில் ஒரு தமிழ் விளக்கத் தாள் வைப்பதற்கு நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. இலாகா மனம் வைத்தால் போதும்.

ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. அரசாங்கமே மின்னல் எப்.எம். நடத்துகிறது, தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசிக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது. டிங்கி வந்தால் சுகாதார அமைச்சு தமிழில் துண்டறிக்கை அடிக்கிறது. கொசுவைப் பற்றிப் பேச நம் மொழி போதுமென்றால், விதவை உதவித்தொகையைப் பற்றிப் பேசவும் போதும்.

நீதிமன்றத்தைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அவருக்குப் புரியும் மொழியில் அதைச் சொல்லவேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதற்காகவே தமிழ் ஜுருபஹாசாக்கள், அதாவது மொழிபெயர்ப்பாளர்கள், சம்பளத்தில் இருக்கிறார்கள். ஆக, ரிங்லெட் பாட்டி யாரையாவது வெட்டிவிட்டுப் போய் நின்றால், அரசாங்கச் செலவில் தமிழ் கிடைக்கும். புருஷன் செத்த பிறகு உதவி கேட்டு நின்றால், பேத்தியைக் கூட்டிவர வேண்டும்.

தேர்தல் காலத்தில் மட்டும் இந்தச் சங்கடம் இல்லை. 2004 முதல் 2018 வரை எல்லாப் பொதுத் தேர்தலிலும் ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) வேட்பாளரே வென்ற தொகுதி கேமரன் மலை. 2018 வெற்றி வாக்காளருக்குப் பணம் கொடுத்த காரணத்தால் ரத்தாகி, 2019 ஜனவரி 26-இல் நடந்த இடைத்தேர்தலில் ரம்லி முகமது நோர் வென்றார். நாடாளுமன்ற மக்களவைக்குப் போன முதல் பூர்வகுடி உறுப்பினர் அவர். வாக்காளரில் ஏறக்குறைய 15 சதவீதம் இந்தியர். சுவரொட்டிகள் தமிழில் வந்தன, ஒலிபெருக்கி தமிழில் கூவியது. ஓட்டுக் கேட்க மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமல் எந்தக் கட்சியும் திண்டாடியதாகக் கேள்விப்பட்டதில்லை.

பதவிக்கு வந்தவர்களின் சேவை மையங்களில் பாரம் எழுதித் தருகிறார்கள், உண்மை. நல்ல காரியம்தான். ஆனால் அங்கே போனால் கும்பிடு போட்டு நிற்கவேண்டியிருக்கிறது. உரிமையாகக் கிடைக்கவேண்டியது தலைவரின் தயவாகக் கைக்கு வருகிறது. நகல் கடை ஓரத்தில் ஐந்து, பத்து வாங்கிக்கொண்டு எழுதித் தரும் ஆள் எனக்கு இதைவிட மரியாதையாகப் படுகிறார். காசு கொடுத்தோம், வேலை முடிந்தது.

சைரனுக்கு மொழி இல்லை

ரிங்லெட்டுக்குக் கீழே சுல்தான் அபூ பாக்கார் அணை. அதற்கும் கீழே பெர்த்தாம் வேலி, காய்கறித் தோட்டங்களின் பள்ளத்தாக்கு. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழைக்குப் பின் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது ஆறு பொங்கி ஊருக்குள் புகுந்தது. வீடுகள் போயின, வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன, உயிர்கள் போயின. ஆற்றோரக் கொட்டகைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படுத்திருந்த பள்ளத்தாக்கு அது.

அணையின் எச்சரிக்கைச் சைரன் ஒலிக்கு மொழி இல்லைதான். ஆனால் எத்தனை முறை ஊதினால் என்ன அர்த்தம், எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று சொல்லும் பலகைக்கு மொழி உண்டு. வங்காளமோ நேப்பாளியோ மட்டும் தெரிந்தவன் நள்ளிரவில் அதைப் படிக்கமுடியாது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. தமிழில் கேட்கும் நாம், நமக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரை மறந்துவிடுகிறோம். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளியும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குள் வந்துவிட்டார். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவருக்கும் 2 சதவீதம் சேமநிதி கட்டாயம். அதாவது இன்னும் ஆயிரக்கணக்கான பேருக்கு 'பெனாமா' கட்டம் வந்திருக்கிறது. எண்பது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டன்மார் நின்ற அதே இடத்தில் இன்று டாக்காவிலிருந்து வந்தவர் நிற்கிறார். அவருக்குக் கிராணியாரும் இல்லை, பேத்தியும் இல்லை.

[பெட்டிச் செய்தி] அக்கம்பக்கத்தில்

சிங்கப்பூர்: தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. இருந்தாலும் மொழிபெயர்ப்பு என்றாலே நல்ல மொழிபெயர்ப்பு ஆகிவிடாது. 2014-ல் 'லாவ் பா சாட்' என்ற புகழ்பெற்ற உணவங்காடியின் பெயர் தமிழில் 'லாவ் பா சனி' என்று எழுதப்பட்டது. 'சாட்' என்பதை யாரோ சனிக்கிழமை ஆக்கிவிட்டார்கள்!

இலங்கை: 1956-ல் சிங்களம் மட்டும். 1987-ல் 13-ஆவது திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழி. மலையகத் தமிழர் வாழும் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள். ஏட்டில் உள்ளது கவுண்டருக்கு வந்துசேர இன்னும் போராடுகிறார்கள்.

அமெரிக்கா: ஆங்கிலம் போதாதவர்களுக்கு அரசுச் சேவை கிடைக்க வழிசெய்த 2000-ஆம் ஆண்டு உத்தரவை, 2025 மார்ச் 1-இல் அதிபர் டிரம்ப் ரத்து செய்தார். ஒரு கையெழுத்தில் வந்தது, இன்னொரு கையெழுத்தில் போனது.

என்ன கேட்கலாம்?

பெரிதாக எதுவும் வேண்டாம். மலையில் ஓடும் பாரங்களில் அதிகம் புழங்குபவை ஏழெட்டுதான் இருக்கும்: பிறப்பு, இறப்பு, திருமணம், அடையாள அட்டை, சேமநிதி, சொக்சோ, சமூகநலம், உதவித்தொகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தமிழ் விளக்கத் தாள். மாதத்தில் ஒரு நாள், முன்கூட்டியே அறிவித்து, ரிங்லெட்டிலேயே தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி. பூர்வகுடிகளுக்குச் செமாய் தெரிந்தவர், தொழிலாளர்களுக்கு வங்காளமும் நேப்பாளியும் தெரிந்தவர். மருத்துவமனையில் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைப்பதில்லை என்று ஒரு விதி. இதற்கு ஆகும் செலவு ஒரு திறப்புவிழாப் பந்தல் செலவுக்கு மேல் போகாது.

எல்லாம் இணையத்துக்கு மாறிவிட்டதே என்கிறார்கள். மாறியது உண்மை. 2024-ல் 'பாடு' என்னும் அரசாங்கத் தரவுத்தளத்தில் பதிய ஜனவரி 2 முதல் மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தபோது, அதே பேத்திகள்தான் அதே பாட்டிகளுக்காகக் கைப்பேசியைத் தட்டினார்கள். தாள் திரையானதில் ஒரு வித்தியாசம் உண்டு. தாளைப் பையில் வைத்து, தெரிந்தவரிடம் பிறகு காட்டலாம். திரை மூடினால் போயிற்று. அதனால் தமிழ்ப் பொத்தான் ஒன்றை வைப்பது அங்கேதான் முதலில் அவசியம், அங்கேதான் சுலபமும்கூட.

அது வரும்வரை ஒரு வேலையை நாமே செய்யலாம். இந்த இதழை மூடியதும், வீட்டுப் பெரியவரின் சேமநிதிக் கணக்கைப் பாருங்கள். வேலை செய்யும் அப்பா, அம்மா, அண்ணன் யாராக இருந்தாலும் சரி. 'பெனாமா' பகுதியில் பெயர் இருக்கிறதா? அந்தப் பெயர் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா? இல்லையென்றால் திங்கட்கிழமையே போய் எழுதிவிடுங்கள். பேத்தியை அனுப்பாதீர்கள், அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.